இருநூறு மீட்டர்

அத்தியாயம் 17

சனிக்கிழமை காலை ஏழரை மணி ஆகியும் வெளியே சரியாக விடிந்தபாடில்லை. ஜூன் மாதத்து மெல்போர்ன் அப்படித்தான். மார்த்தீஸ் வெல்லா காபிக் கோப்பையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு சமையலறை ஜன்னலோரம் நின்றாள். மேஜையில் அவள் கணவன் ரீனோ ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். தடவியதையே திரும்பத் திரும்பத் தடவினான். மூன்று நாட்களாக அவன் இந்த வீட்டில் செய்த காரியங்களெல்லாம் அப்படித்தான், ஓசையில்லாமலும் தேவைக்கு மேல் நேரமெடுத்தும் நடந்தன.

புதன்கிழமை ராத்திரிச் சாப்பாட்டில் அவள் சொன்னது ஒரே ஒரு வாக்கியம். "திங்கட்கிழமையிலேருந்து நான் மறுபடியும் சைக்கிள்ல வேலைக்குப் போறேன்." மகள் ஜசிந்தாவின் பிறந்தநாள் கேக் வெட்டக்கூட இல்லை. ரீனோ முள்கரண்டியை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டான். அதோடு பேச்சு நின்றுபோனது.

அவன் கோபத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. போன ஆகஸ்டில், வேலை முடிந்து மழையில் வீடு திரும்பிய மார்த்தீஸை, வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு வெள்ளை வேன் இடப்பக்கம் திரும்பும்போது இடித்துத் தள்ளியது. காறை எலும்பு முறிந்தது, விலா எலும்பு இரண்டில் விரிசல். வேன்காரன் மழையில் நனைந்தபடி நின்று, "நான் பாக்கல, நான் பாக்கவே இல்ல" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தான். ரீனோ அந்த வாரமே சைக்கிளைக் கராஜ் கூரையில் தொங்கவிட்டான். பல் செட்டு செய்யும் பட்டறையில் அவளுக்கு நகரத்தின் நடுவே வேலை. பத்து மாதமாக ரயிலில் போய் வந்தாள். எலும்பு கூடிவிட்டது, கையும் பழையபடி பிடிக்கிறது. ஆனால் ரயிலில் நசுங்கி நின்றபடி ஆற்றுப் பாலத்தைத் தாண்டும்போதெல்லாம், கீழே பாதையில் விரையும் சைக்கிள்களைப் பார்க்கக்கூடாது என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஐம்பத்தொரு வயதில் தன் ஊரில் தானே தலை குனிந்து போவது போல இருந்தது.

ரீனோ இருபத்தாறு வருடமாகத் துறைமுகத்துக்குக் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவன். வேறு யார் தடுத்திருந்தாலும் அவள் பதில் பேசியிருப்பாள். ரோட்டைத் தெரிந்தவன் தடுக்கும்போது பேச்சு வரவில்லை.

அந்த மௌனத்துக்குள்தான் ஜசிந்தா நுழைந்தாள். நில அளவை செய்கிறவர்களிடம் வேலை பார்க்கும் பெண். எதையும் அளந்து பார்த்துவிட்டால் சண்டை தீரும் என்று நம்புகிறவள். தட்டில் இருந்த ரொட்டியில் ஒன்றை எடுத்துக் கடித்துக்கொண்டே அப்பாவின் எதிரில் உட்கார்ந்தாள்.

"ப்பா, சைக்கிள் விளக்கு இருநூறு மீட்டர்ல தெரியணும்னு சட்டம் சொல்லுது. நீ லாரியில உக்காரு. அம்மா நல்ல லைட்டும் ஜெர்கினும் வாங்கி மாட்டிக்கிட்டு இருநூறு மீட்டர் தள்ளி ஓட்டட்டும். உன் கண்ணுக்குத் தெரிஞ்சா திங்கட்கிழமை அவ போறா. தெரியலைன்னா சைக்கிளை வித்துடலாம்."

கடைசி வாக்கியம் மார்த்தீஸுக்கும் புதிது. அவளை யாரும் கேட்கவில்லை.

ரீனோ வெண்ணெய்க் கத்தியைக் கீழே வைத்தான். பிறகு மூன்று நாளில் முதல் முறையாக வாய் திறந்தான். "டிம் லைட்லதான் பாப்பேன். இருட்டினப்புறம்தான் பாப்பேன்."

"பொய் சொல்லமாட்டியே?"

"இருபத்தாறு வருஷத்துல உங்கம்மா சமையலைப் பத்தி மட்டும்தான் பொய் சொல்லியிருக்கேன்."

மார்த்தீஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதைக் காபிக் கோப்பைக்குள் மறைத்துக்கொண்டு, "எனக்குச் சம்மதம்" என்றாள். சொன்ன பிறகுதான் எதைப் பணயம் வைத்தோம் என்று உறைத்தது.

சைக்கிள் கடை ஃபுட்ஸ்கிரே சந்தைக்குப் பின்னால், ஒரு வியட்நாம் நூடுல்ஸ் கடைக்கும் முடிதிருத்தும் கடைக்கும் நடுவில் இருந்தது. வாசலில் நான்கு சைக்கிள்கள் தலைகீழாக நின்றன. கடைக்காரி துய்க்கு முப்பத்தைந்து வயது இருக்கும். கைகளில் கிரீஸ். வந்தவர்களைப் பார்த்ததும் பொருளை எடுத்துக் காட்டாமல் கேள்வி கேட்க ஆரம்பித்தாள். எங்கிருந்து எங்கே, எத்தனை மணிக்குக் கிளம்புவீங்க, எத்தனை மணிக்குத் திரும்புவீங்க, தெருவிளக்கு இருக்கிற வழியா, இல்லாத வழியா. மார்த்தீஸ் ஒவ்வொன்றாகச் சொன்னாள். போகும்போது விடிந்திருக்காது, வரும்போது இருட்டியிருக்கும், ஆற்றங்கரை நெடுக விளக்கு இல்லை.

"முன்னாடி என்ன லைட் வெச்சிருந்தீங்கக்கா?"

பட்டன் பேட்டரி போடுகிற சின்ன லைட் என்றாள் மார்த்தீஸ். அதோடு நிறுத்தியிருக்கலாம். முன்பின் தெரியாத ஒருத்தியிடம் பேசுவதாலோ என்னவோ, மீதியும் வந்துவிட்டது. அடிபட்ட அன்று அந்தப் பின்விளக்கு மங்கலாக எரிந்துகொண்டிருந்தது. மத்தியானச் சாப்பாட்டு வேளையில்கூட அவள் அதைப் பார்த்தாள். பேட்டரி மாற்ற வேண்டும் என்று இரண்டு வாரமாக நினைத்துக்கொண்டே இருந்தாள். மேலே போட்டிருந்தது கறுப்பு மழைக்கோட்டு.

ஜசிந்தா கையில் எடுத்த ஹெல்மெட்டை அப்படியே வைத்தாள். "அப்பாவுக்குத் தெரியுமா?" என்று மெல்லக் கேட்டாள்.

"தெரியாது."

துய் இதையெல்லாம் பாவக்கணக்கில் சேர்த்ததாகத் தெரியவில்லை. "பேட்டரின்னா தீரத்தான் செய்யும்க்கா. அதுக்குத்தான் ரெண்டா மாட்டணும். ஒண்ணு செத்தா ஒண்ணு இருக்கும்" என்று சொல்லிவிட்டு, ஷட்டரைப் பாதி இறக்கிக் கடை விளக்கை அணைத்தாள்.

மார்த்தீஸ் கை காட்டியது இருப்பதிலேயே பெரிய முன்விளக்கை. துய் அதை அவள் முகத்துக்கு நேராக ஏற்றினாள். கண் கூசிக் கையால் மறைத்துக்கொண்டாள் மார்த்தீஸ். இப்ப நான் உங்களைப் பார்த்துச் சிரிக்கிறேனா முறைக்கிறேனா என்று துய் கேட்டாள். தெரியவில்லை. எதிரே வருகிறவனுக்கும் அப்படித்தான், கண்ணு அவிஞ்சவன் உங்க மேலேயே வந்து மோதுவான் என்றாள். அடுத்த அளவு விளக்கை எடுத்து ஹேண்டில்பாரில் பொருத்தி, அதன் முனையைச் சற்றுக் கீழே சாய்த்தாள். பத்தடி தூரத் தரையில் பால் கொட்டினாற்போல வெளிச்சம் விழுந்தது, கண்ணில் அடிக்கவில்லை. பின்னுக்கு இரண்டு சிவப்பு விளக்குகள். ஒன்று மினுக்க வேண்டும், ஒன்று நின்று எரிய வேண்டும். மினுக்குகிறது மட்டும் இருந்தால், எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பின்னால் வருகிறவனுக்குப் பிடிபடாது என்று விளக்கினாள்.

ஜெர்கினில்தான் தகராறு. மார்த்தீஸ் நேராகப் போய்ப் பளீரென்ற எலுமிச்சை மஞ்சளை எடுத்தாள். ரோடு போடுகிறவர்கள் போடும் நிறம். துறைமுகத்தில் எல்லோரும் போடுவதும் அந்த மாதிரிதான். துய் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு உள்ளேயிருந்து ஒரு சாம்பல் நிற ஜெர்கினைக் கொண்டுவந்தாள். தரை துடைக்கிற துணி மாதிரி இருந்தது. இதைப் போட்டுக்கொண்டு போனால் புகையோடு புகையாகத்தான் தெரிவேன் என்று மார்த்தீஸ் சொன்னாள்.

"மஞ்சள் வெயிலோட நிறம்க்கா. வெயில் இருந்தாத்தான் கத்தும். நீங்க போற நேரத்துல வெயிலே கிடையாது." துய் சாம்பல் நிறத்தின் மேல் டார்ச் அடித்தாள். துணி முழுவதும் சட்டென்று வெள்ளையாக எரிந்தது. டார்ச்சை அணைத்ததும் மறுபடி தரை துடைக்கிற துணி.

மார்த்தீஸ் நம்பவில்லை. ஆறடி தூரத்தில் டார்ச் அடித்தால் எதுதான் மின்னாது. ஆனால் போட்டுப் பார்த்தபோது ஒரு சங்கதி இருந்தது. மஞ்சளின் தோள் தையல், எலும்பு கூடிப் புடைத்திருந்த இடத்தில் சரியாக உட்கார்ந்து உறுத்தியது. சாம்பல் ஜெர்கினுக்குத் தோளில் தையலே இல்லை. குனிந்து ஹேண்டில்பாரைப் பிடித்தால் முதுகு வெளியே தெரியாதபடி பின்பக்கம் இறங்கியிருந்தது, அக்குளில் காற்றுப் போக ஜிப். இருந்தாலும் மனசு மஞ்சளிலேயே நின்றது. சாயங்காலம் நடக்கப்போகிற சோதனையை ஜசிந்தா சொன்னதும், இரண்டையும் எடுத்துப் போங்கள், வேண்டாததைத் திங்கட்கிழமை அழுக்காக்காமல் கொடுங்கள் என்று துய் சொல்லிவிட்டாள். கிளம்பும்போது இரண்டு பட்டைகளைப் பையில் போட்டாள். கணுக்காலில் சுற்றிக்கொள்கிற வெள்ளிப் பட்டைகள், குழந்தைகள் விளையாட்டுச் சாமான் போல இருந்தன.

மத்தியானம் தாயும் மகளும் சைக்கிளைக் கூரையிலிருந்து இறக்கினார்கள். ரீனோ பின்கட்டில் இருந்தான், வரவில்லை. சங்கிலிக்கு எண்ணெய் விட்டு, காற்றடித்து, விளக்குகளை மாட்டி முடித்ததும் மார்த்தீஸ் தெருவில் ஏறி உட்கார்ந்தாள். பத்து மாதத்துக்குப் பிறகு முதல் மிதி. மூன்றாவது வீட்டு வாசலில் ஒரு வெள்ளைக் கார் சும்மா நின்றிருந்தது. அதைத் தாண்டுவதற்குள் உள்ளங்கை வேர்த்துவிட்டது. தெருமுனைவரை போய்த் திரும்பினாள். இறங்கியும் ஹேண்டில்பாரை விடவில்லை. ஜசிந்தா தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

ஐந்தரை மணிக்கு இருட்டிவிட்டது. துறைமுகக் கிடங்குகளுக்குப் பின்னால் நேராகப் போகும் ஒரு ரோடு. அங்கே சனிக்கிழமைகளில் ஈ காக்கை கிடையாது. ரீனோ டிரெய்லரைக் கழற்றிவிட்டு லாரியின் தலையை மட்டும் ஓட்டி வந்திருந்தான். ஜசிந்தா அளவுச் சக்கரத்தை உருட்டிக்கொண்டு போய் இருநூறு மீட்டரில் தரையில் சாக்கட்டியால் கோடு போட்டுவிட்டு வந்தாள். பிறகு ஏறி அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அவள் போனும், மார்த்தீஸின் ஹேண்டில்பாரில் கட்டிய போனும் இணைப்பில் இருந்தன. லேசாகத் தூறல் விழுந்தது.

மார்த்தீஸ் மஞ்சளைப் போட்டுக்கொண்டாள். வேலைக்குப் போகிற மாதிரியே முதுகில் பை. பட்டைகளைச் சட்டை செய்யவில்லை. லாரியின் விளக்கு அவள் நிழலை ரோட்டில் நீட்டியது. மிதிக்க மிதிக்க நிழல் கரைந்து, கடைசியில் இருட்டுதான் இருந்தது. கோட்டைத் தாண்டினாள்.

போனில் ஜசிந்தாவின் குரல் கேட்டது. "ப்பா, தெரியுதா?"

வைப்பர் கண்ணாடியைத் துடைக்கும் சத்தம் இரண்டு முறை வந்தது.

"லைட் தெரியுது" என்றான் ரீனோ.

"அப்ப முடிஞ்சுது. அம்மா ஜெயிச்சாச்சு."

"லைட் தெரியுது. ஆள் தெரியல."

சட்டம் விளக்கைத்தான் கேட்கிறது, ஆளைக் கேட்கவில்லை என்று ஜசிந்தா மல்லுக்கு நின்றாள். லாரியைச் சட்டம் ஓட்டவில்லை, நான்தான் ஓட்டுகிறேன் என்றான் ரீனோ. மார்த்தீஸ் பிரேக் பிடித்து, ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றாள். பொய் சொல்கிறான் என்று நினைக்கத்தான் ஆசையாக இருந்தது. ஆனால் அந்தக் குரலில் ஜெயித்தவனுடைய தெம்பு இல்லை.

"ஜசிந்தா, கொஞ்சம் வாயை மூடு" என்றான் அவன். "உங்கம்மா கேக்கறாளா?"

"கேக்கறேன்" என்றாள் மார்த்தீஸ்.

"ரெண்டு வருஷம் முன்னாடி. ஃபுட்ஸ்கிரே ரோடு. காலையில ஆறு மணி, இதே மாதிரி தூறல். முன்னாடி ஒரு சிவப்பு லைட் மினுக்கிட்டிருந்தது. ரோடு வேலைக்காரங்க வெச்ச லைட்டுன்னு நினைச்சேன். ஒதுங்கல. பக்கத்துல வந்தப்புறம்தான் அதுல ஒரு ஆள் இருக்கறது தெரிஞ்சுது." அவன் நிறுத்தினான். "வண்டி படல. லாரி போன காத்து தள்ளிடுச்சு. கம்பி வேலியில போய் விழுந்த சத்தம் எனக்குக் கேட்டுது. நிறுத்திட்டு இறங்கி ஓடினேன். அதுக்குள்ள எழுந்து, வளைஞ்ச சைக்கிளைத் தள்ளிக்கிட்டு சந்துல போயாச்சு. என்னைத் திரும்பிக்கூடப் பாக்கல."

வைப்பர் இன்னொரு முறை துடைத்தது.

"யார்கிட்டயும் சொல்லல. நீ ஆஸ்பத்திரில கிடந்தப்ப எல்லாரும் அந்த வேன்காரனைத் திட்டினாங்க. நானும் திட்டினேன். திட்டிட்டு வெளியில போய் வாந்தி எடுத்தேன். நானும் பாக்காதவன்தான், மார்த்தீஸ். நீ ரோட்டுக்குப் போறேன்னு சொன்னா, எவனோ வருவான்னு நான் பயப்படல. என்னை மாதிரி ஒருத்தன் வருவான்னுதான் பயம்."

தூறல் அவள் ஹெல்மெட்டில் தட்டிக்கொண்டே இருந்தது. இந்தப் பத்து மாதமும் அவன் தன்னைச் சிறை வைத்திருப்பதாக அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அவனும் உள்ளேதான் உட்கார்ந்திருக்கிறான். ஏதாவது ஆறுதல் சொல்ல வேண்டும். ஆனால் தொண்டைக்கு வந்தது வேறு.

"ரீனோ, அன்னிக்கு என் லைட்டும் சரியா எரியல. பேட்டரி போயிட்டிருந்தது. எனக்கு மத்தியானமே தெரியும். உங்கிட்ட சொல்லப் பயம். சொன்னா அப்புறம் சைக்கிளைத் தொடவே விடமாட்டேன்னு."

இதற்கு என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும். கதவை அறைந்து சாத்துவது போல ஒரு வார்த்தை வரும். தோற்றாகிவிட்டது, உண்மையையாவது சொல்லியாயிற்று என்று சைக்கிளைத் திருப்பினாள்.

"திரும்பி வா" என்றான் ரீனோ. "அந்த இன்னொரு ஜெர்கின் இருக்கில்ல. அதைப் போட்டுக்கிட்டு மறுபடி போ. பையை முதுகுல போடாதே, கேரியர்ல கட்டு. அது உன்னை மறைக்குது."

அவள் லாரிப் பக்கம் வந்தபோது அவன் இறங்கவில்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான், உள்பக்கம். ஜசிந்தாதான் இறங்கி வந்து பையைக் கட்டினாள். சாம்பல் ஜெர்கினை மாட்டி விட்டாள். பிறகு மண்டியிட்டு அம்மாவின் கணுக்கால்களில் அந்த வெள்ளிப் பட்டைகளைச் சுற்றினாள். அழுதிருந்தாள் என்பது மூக்கை உறிஞ்சியதில் தெரிந்தது.

இந்த முறை மார்த்தீஸ் நிழலைப் பார்க்கவில்லை. முன்னால் கொட்டிய வெள்ளை வெளிச்சத்தைப் பார்த்து மிதித்தாள். ஐம்பது மீட்டர் இருக்கும். நூறு. போனில் ஒரு சத்தமும் இல்லை. கோடு சக்கரத்துக்குக் கீழே போனதைப் பார்த்தாள். அப்போதும் சத்தமில்லை. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று போனைப் பார்க்கக் குனிந்தாள்.

"கால்" என்றான் ரீனோ.

"என்னப்பா?"

"கால் தெரியுது. மேல, கீழ. மேல, கீழ." குரல் உடைந்திருந்தது. "லைட் இல்ல அது. ஆள். ஒரு பொம்பளை சைக்கிள் மிதிச்சிட்டுப் போறா. பாரு, இடது பாதத்தை வெளிப்பக்கமா திருப்பி மிதிக்கறா பாரு. கல்யாணத்துக்கு முன்னாடியே அப்படித்தான். அது மார்த்தீஸ், ஜசிந்தா. உங்கம்மா."

இருநூறு தாண்டியாயிற்று, நிறுத்தச் சொல்லவா என்று ஜசிந்தா கேட்டாள்.

"நிறுத்தச் சொல்லாதே. போகட்டும்."

அவள் போனாள். கிடங்குகளின் சுவர்கள் இரண்டு பக்கமும் நழுவின. முந்நூறு என்றாள் ஜசிந்தா. தெரியுது என்றான் அவன். வளைவு வரப்போகிறது, நானூறு இருக்கும் என்றாள். "முதுகு தெரியுது, கை தெரியுது. இன்னும் தெரியறா" என்றான். ரோடு முடிகிற இடத்தில், ஆற்றங்கரைச் சைக்கிள் பாதைக்குத் திரும்பும் சரிவு இருந்தது. அவள் மிதிப்பதை நிறுத்தவில்லை.

"ரீனோ, நான் இப்படியே வீட்டுக்குப் போறேன்."

"போ" என்றான். "வீட்டுல பாக்கலாம்."

மரிபிர்னாங் ஆறு இடப்பக்கம் கறுப்பாக ஓடிக்கொண்டிருந்தது. தூறல் மழையாகி ஜெர்கினில் உருண்டு வழிந்தது, உள்ளே இறங்கவில்லை. அக்குள் ஜிப்பைத் திறந்ததும் குளிர்ந்த காற்று புகுந்து வேர்வையை ஆற்றியது. எதிரே வந்த ஒருவன் தன் விளக்கைக் கையால் மறைத்து வணக்கம் போலத் தலையை ஆட்டிவிட்டுப் போனான். மேட்டில் மூச்சு வாங்கியது, தொடை எரிந்தது. எரியட்டும் என்று இருந்தது. ரயில் பாலம் வந்தது. மேலே ஒரு ரயில் வெளிச்சமும் நெரிசலுமாகக் கடந்தது. ஜன்னலில் ஒட்டிக்கொண்டு நின்ற முகங்களை அவள் அண்ணாந்து பார்த்தாள். தன்னையறியாமல் மணியை அடித்தாள். யாருக்கும் கேட்டிருக்காது. இன்னொரு முறையும் அடித்தாள்.

பிறகு அந்த முனை.

வீட்டுக்கு இரண்டு தெரு இருக்கும்போது வருகிற முனை. வேறு வழியும் உண்டு, சுற்றிக்கொண்டு போகலாம். அவள் சுற்றவில்லை. ஆனால் முனை நெருங்க நெருங்கக் கை பிரேக்குக்குப் போனது. பின்னால் ஒரு வண்டியின் வெளிச்சம் வளர்ந்தது. இடப்பக்க இண்டிகேட்டர் டிக் டிக்கென்று நனைந்த தரையில் மஞ்சளாக விழுந்து விழுந்து எழுந்தது. திரும்பப்போகிறான். போன ஆகஸ்டிலும் இதே மாதிரிதான். மார்த்தீஸின் தோள் தானாகவே சுருங்கியது.

வெளிச்சம் அவளைத் தாண்டவில்லை. வண்டி வேகம் குறைந்து, பின்னாலேயே நின்றது. ஓட்டுகிறவன் காத்திருந்தான். ஹாரன் அடிக்கவில்லை, எஞ்சினை முறுக்கவில்லை. அவள் முனையைக் கடந்து நேராகப் போகும்வரை இண்டிகேட்டர் மினுக்கிக்கொண்டே நின்றது. பிறகுதான் இடப்பக்கம் திரும்பிப் போனது.

அவ்வளவுதான் நடந்தது. யாரோ ஒருவன் பார்த்தான், நின்றான். மார்த்தீஸ் அந்தத் தெருவின் நடுவில், மழையில், வாய்விட்டுச் சிரித்தாள். அழுகையும் சேர்ந்தே வந்தது. எதையும் துடைக்காமல் எழுந்து நின்று மிதித்தாள். கடைசித் தெரு முழுவதும் உட்காரவே இல்லை.

ரீனோ வாசலில் நின்றிருந்தான். குடை பிடித்திருந்தான், ஆனால் குடை அவன் தலைக்கு மேல் இல்லை. அவள் வரப்போகிற பக்கம் நீட்டியபடி நின்றான். அவள் இறங்கியதும் கட்டிக்கொள்ளவில்லை. முதலில் சைக்கிளைச் சுற்றி வந்து இரண்டு பின்விளக்கையும் பார்த்தான். ஒன்று சற்றுத் தொங்குகிறது, நாளைக்கு இறுக்கித் தருகிறேன் என்றான். அதற்கப்புறம்தான் அவள் ஈரக் கன்னத்தில் தன் கன்னத்தை வைத்தான். வைத்தவன் எடுக்கவில்லை.

"நானூத்தி இருபது மீட்டர்" என்றான் அவள் காதில். "வளைவு வந்துதான் உன்னை மறைச்சுது. இல்லைன்னா இன்னும் தெரிஞ்சிருப்பே."

உள்ளே ஜசிந்தா வழியில் வாங்கி வந்த பஸ்திஸி பப்ஸுகளைச் சூடாக்கிக்கொண்டிருந்தாள். பட்டாணி வைத்தது அப்பாவுக்கு, ரிக்கோட்டா சீஸ் வைத்தது அம்மாவுக்கு. புதன்கிழமை வெட்டாமல் போன கேக்கும் மேஜைக்கு வந்தது. ஓரம் காய்ந்திருந்தது. ரீனோ இரண்டு துண்டு தின்றான், நன்றாக இருக்கிறது என்றான். இது பொய்க்கணக்கில் வருமா என்று ஜசிந்தா கேட்டாள். மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். துய்யிடம் மஞ்சளைத் திருப்பிக் கொடுக்கும்போது தானும் வருவதாக ரீனோ சொன்னான். அந்த வெள்ளிப் பட்டையில் ஒரு பெட்டி வேண்டும், லாரிக் கொட்டகைக்குச் சைக்கிளில் வருகிற பையன்கள் எல்லோருக்கும் கொடுப்பேன் என்றான்.

சாப்பிட்டு முடித்ததும் அவன் எழுந்து போய்த் தன் வேலைப் பையைக் கொண்டுவந்தான். அடியில் கையை விட்டுத் துழாவி, ஒரு பழைய துணியில் சுற்றிய பொருளை எடுத்து மேஜையில் மார்த்தீஸின் முன்னால் வைத்தான். பிரித்தாள். ஒரு சைக்கிள் பின்விளக்கு. சிவப்புக் கண்ணாடி விரிசல் விட்டிருந்தது.

"அன்னிக்கு அந்த வேலியோரம் கிடந்தது" என்றான் ரீனோ. "ரெண்டு வருஷமா இந்தப் பையிலேயே வெச்சிருக்கேன். திருப்பிப் பாரு."

திருப்பினாள். அடியில், மழையில் அழியாதபடி டேப் ஒட்டிய சின்னச் சீட்டு. நேர்த்தியான கையெழுத்தில் ஒரு பெயரும், யாராவில் பகுதியில் ஒரு தெருப் பெயரும், கதவு எண்ணும். இங்கிருந்து சைக்கிளில் பத்து நிமிடம்.

ஜசிந்தா எட்டிப் பார்த்துப் படித்தாள். ரீனோவின் பெரிய கைகள் மேஜைமேல் என்ன செய்வதென்று தெரியாமல் கிடந்தன.

"எழுந்து நடந்து போனாங்க. அதைப் பாத்தேன்" என்றான். "அதுக்கப்புறம் என்ன ஆச்சுன்னு தெரியாது. தெரிஞ்சுக்கப் பயம்."

மார்த்தீஸ் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஏழு அடிக்க ஐந்து நிமிடம் இருந்தது. ஒருவர் வீட்டுக் கதவைத் தட்ட இது ஒன்றும் நேரங்கெட்ட நேரம் இல்லை. நாற்காலி முதுகில் சொட்டிக்கொண்டிருந்த சாம்பல் ஜெர்கினை எடுத்தாள், ஒரு கையை நுழைத்தாள்.

"எழுந்திரு ரீனோ" என்றாள்.